தோஹாவில் ஒன்பது மணி நேரம்

துபாய், கராமா
2 அக்டோபர் 2025, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

சங்கீதா எழுதுகிறேன். இங்கே நான், நளினி அக்கா, சார், ஹர்ஷினி எல்லோரும் சுகம். உங்களுக்கு இருமல் குறைந்துவிட்டதா, அல்லது எனக்காகக் குறைந்தது என்று சொல்கிறீர்களா தெரியவில்லை. வெந்நீர் குடியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை போனில் பேசினோம். வழக்கம்போல ‘நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, வெச்சிடவா’ என்று மூன்று கேள்வியில் முடிந்துவிட்டது. உங்களுக்கும் பேச வராது, எனக்கும் வராது. அதனால்தான் நோட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் இப்படியே எழுதி அனுப்புங்கள்.

ஒரு செய்தி. ஹர்ஷினியின் பள்ளிக்குப் பதிமூன்றாம் தேதியிலிருந்து ஒரு வாரம் விடுமுறை. வீட்டில் எல்லோரும் ஸ்பெயின் போகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போகிறார்கள். போன மாதமே விசாவுக்குக் கைரேகை கொடுத்தேன். பாத்திரம் தேய்த்த கை, ரேகை விழவில்லை. அந்த ஆபீஸ் பெண் மூன்று தடவை துடைத்துத் துடைத்து அழுத்தச் சொன்னாள்.

டொலேடோ என்ற ஊர். மிகப் பழைய ஊராம். ‘கல்ச்சர், டைனிங், ஷாப்பிங் மூணும் ஒரே எடத்துல’ என்று அக்கா போனில் எல்லோரிடமும் சொல்கிறார். ‘எனக்கு ஸ்லீப்பிங் மட்டும் இருந்தா போதும்’ என்கிறார் சார்.

செய்தி அதுவும் இல்லை அப்பா. திரும்பி வரும்போது விமானம் தோஹாவில் நிற்கிறது. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்கினால் மாலை மூன்றுக்குத்தான் துபாய் விமானம். ஒன்பது மணி நேரம். வெளியே வர ஆன்லைனில் அனுமதி வாங்கலாம், இங்கே ரெசிடென்ட் விசா இருப்பதால் சுலபம் என்று சார் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, ‘உங்கப்பா அங்கதானே இருக்காரு? போய்ப் பாத்துட்டு வா. அன்னிக்கு ஹர்ஷினிய நான் பாத்துக்கறேன்’ என்றார். நான் தலையாட்டினேன். பிறகு பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்து விட்டு அழுதேன்.

அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் பதினோராம் நாள் கிளம்பினீர்கள். நான் ப்ளஸ் ஒன்னை விட்டது அதற்கு அடுத்த மாதம். மூன்று வருடமாகிறது உங்களைப் பார்த்து. ராஸ் லஃபானிலிருந்து தோஹா ஏர்போர்ட்டுக்கு வர முடியுமா? லீவு கிடைக்குமா?

உங்கள் மகள்,
சங்கீதா


ராஸ் லஃபான், கேம்ப்
5 அக்டோபர்

என் ஆத்தா சங்கீதாவுக்கு அப்பா எழுதுவது.

நான் நல்லபடியாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது.

பிளான்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் உன் கடிதத்தை டியூட்டி முடிந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். எனக்குச் சின்ன எழுத்து இப்போது தெரிவதில்லை. பக்கத்தில் ஐயப்பன் இருந்தான், அவனை வாசிக்கச் சொன்னேன். நம் நத்தம் பக்கத்துப் பையன். என் ரூமில் மேல் கட்டில். கிரேன் ஓட்டுகிறான். பாத்ரூமில் அழுதாய் என்று வந்த இடத்தில் அவனும் நிறுத்திவிட்டான்.

மறுநாளே ஃபோர்மேன் சாகிர் பாயிடம் போனேன். மகள் வருகிறாள், லீவு வேண்டும் என்றேன். ‘கித்னே தின்?’ என்றார். எத்தனை நாள் என்று கேட்கிறார். நாள் இல்லை பாய், ஒன்பது மணி நேரம் என்றேன். சிரித்தார். ‘ஒன்பது மணி நேரத்துக்கா லீவு? அச்சா, ஜாவ்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கார் ஏற்பாடும் ஆயிற்று. ‘அண்ணே, நீங்க டாக்ஸில எல்லாம் போக வேணாம். எனக்குத்தான் லைசென்ஸ் இருக்குல்ல, நானே ஓட்டிட்டு வர்றேன்’ என்று ஐயப்பன் சொல்லிவிட்டான்.

கடற்கரை ரோட்டில் உட்கார்ந்து பேசலாம். பேச வராவிட்டால் உட்கார்ந்திருக்கலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஊரில் மேலே கீழே ஏறாதே. நல்லபடியாகப் போய் வா, தாயி.

அன்புடன்,
அப்பா ராக்கப்பன்


டொலேடோ, ஸ்பெயின்
13 அக்டோபர், திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று வந்து சேர்ந்தோம். கால் என் கால் மாதிரி இல்லை. குழந்தை மத்தியானத் தூக்கம் தூங்குகிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊர் ஒரு பாறை மேல் இருக்கிறது. மூன்று பக்கம் ஆறு. கீழேயிருந்து ஏற, மால் மாதிரி எஸ்கலேட்டர் வைத்திருக்கிறார்கள். ‘பரவாயில்லையே’ என்று சார் சொல்லி முடிப்பதற்குள் எஸ்கலேட்டர் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் கூழாங்கல் பதித்த சந்து. நான்கு பெட்டிச் சக்கரமும் கடகடவென்று போட்ட சத்தத்தில் ஒரு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார். ஹர்ஷினியின் தள்ளுவண்டி கல்லில் ஓடவில்லை. அவள் நடக்க மாட்டேன் என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் இடுப்பில் வைக்காதே என்றீர்கள். வைத்தேன். ஐந்து வயதாகிறது, நல்ல கனம்.

இன்று காலையில் பெரிய சர்ச்சுக்குப் போனோம். கழுத்து வலிக்கும்வரை மேலே பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு இடத்தில் கூரையையே வெட்டி, வெயில் நேராக உள்ளே விழும்படி செய்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் கல்லில் செதுக்கிய ஆட்கள் எல்லாம் அசைவது மாதிரி இருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஒரு மர பெஞ்சு. பத்து நிமிடம் உட்கார விட்டார்கள்.

சாப்பாடுதான் கஷ்டம். இங்கே மத்தியானச் சாப்பாடு இரண்டரை மணிக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எட்டரைக்குத்தான் கடை திறக்கிறார்கள். ஹர்ஷினிக்கு ஆறரைக்கே பசிக்கும். அக்கா நல்ல வேளையாகக் குட்டி ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் கொண்டு வந்திருக்கிறார்.

இன்று ஒரு கடையில் அக்கா ஒவ்வொரு விரலாக மடக்கி, ‘நோ மீட், நோ சிக்கன், நோ ஃபிஷ்’ என்று சொன்னார். சர்வர் பெண் நன்றாகத் தலையாட்டினாள். சூப் வந்தது. உள்ளே சிவப்பாகத் துண்டு துண்டாக இருந்தது. அக்கா கேட்டதற்கு, ‘நோ மீட், மேடம். ஒன்லி ஹாம்’ என்றாள் அந்தப் பெண். ‘இந்த ஊர்ல பன்னிய காய்கறியில சேத்துட்டாங்க போல’ என்றார் சார். அக்கா முறைத்தார். மூன்று பேர் சூப்பும் அப்படியே திரும்பிப் போனது. எனக்கு நல்ல பசி, ஆனாலும் நானும் தள்ளி வைத்துவிட்டேன்.

இன்னும் நான்கு நாள். பிறகு சனிக்கிழமை. அதை நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

அப்பா, என் கடிதத்தை ஐயப்பன் அண்ணன் வாசித்தார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். நீங்களே படியுங்கள்.

உங்கள் மகள்,
சங்கீதா


ராஸ் லஃபான்
14 அக்டோபர்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் பார்த்துச் சிரித்தோம். பன்றியைக் காய்கறியில் சேர்த்த கதையை ரூமில் எல்லோருக்கும் சொன்னேன்.

பெரிய எழுத்தாகத்தான் எழுதியிருந்தாய், ஆனாலும் ஐயப்பன் வாசித்தால்தான் நன்றாக இருக்கிறது. அவனை அண்ணன் என்று எழுதாதே. அவன் ஒன்றும் அவ்வளவு பெரியவன் இல்லை. இருபத்தெட்டு முடிகிறது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆனால் அவனே சமைப்பான். ஒரே தங்கை, அவளையும் கட்டிக் கொடுத்துவிட்டான். அவன் அம்மா பிறந்த வீட்டு வழியில் நம் குலதெய்வக் கோயிலுக்கு வருகிறவர்தான்.

சனிக்கிழமை நல்ல சுடிதார் போட்டுக்கொள். பயணக் களைப்போடு அப்படியே இறங்கி வந்துவிடாதே. ஏர்போர்ட்டிலேயே முகம் கழுவித் தலை சீவிக்கொள். பூ அங்கே கிடைக்காது, நான் இங்கே மலையாளி கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த ஊரில் உன்னைத் தனியாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேண்டாம். முழு ஆளும் தெரிய வேண்டும். நீ இப்போது என்ன உயரம்?

காரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறான். ‘மாமா, நாலரைக்கே கிளம்பிடுவோம், ரோட்டுல பனி இருந்தாலும் இருக்கும்’ என்கிறான். நான்கு மணிக்கு எழுந்திருப்பது எனக்குப் புதிதா என்ன.

அன்புடன்,
அப்பா


டொலேடோ
15 அக்டோபர், புதன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை நீங்கள் மட்டும் படியுங்கள். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும், அவசரமில்லை.

இன்று முழுக்க ஷாப்பிங். கறுப்பு இரும்புத் தகட்டில் தங்கக் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பறவையும் பூவும் செய்கிறார்கள். அக்கா ஒரு தட்டு எடுக்க நான்கு கடை ஏறினார். இங்கே தெருவுக்குத் தெரு வாள் விற்கிறார்கள். கடை வாசலில் இரும்புச் சட்டை போட்ட ஆள் பொம்மை நிற்கிறது. ஹர்ஷினி அதன் கையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். பிறகு அழுதாள், பிறகு என் தோளிலேயே தூங்கிவிட்டாள். மூன்று பை ஒரு கையில், பிள்ளை ஒரு கையில். ஊர் நடுவில் ஒரு சதுக்கம் இருக்கிறது, அங்கே என்னை உட்காரச் சொல்லிவிட்டு அக்காவும் சாரும் போனார்கள்.

பக்கத்தில் பாதாமை அரைத்துச் செய்யும் மிட்டாய் விற்கிற ஒரு கடை. வாசலில் முக்காடு போட்ட ஒரு அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். பெயர் ஜொஹரா, மொராக்கோக்காரர். நான் துபாய் என்றதும் அரபியில் பேசத் தொடங்கிவிட்டார். எனக்கு எங்கள் பில்டிங்கில் கற்ற நாலு வார்த்தைதான் தெரியும். இந்தச் சதுக்கத்தின் பெயர் சொகொதொவேர். ‘சூக், சூக்’ என்றார். சூக் என்றால் சந்தை, அது துபாயில் எல்லோருக்கும் தெரியும். என்ன சந்தை என்று கையால் கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையில் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்து ‘ம்ம்மா’ என்று கத்திக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். அரபு ராஜாக்கள் காலத்தில் அது மாட்டுச் சந்தையாம். அவர் ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

அங்கே உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன்.

நான் ஆறாவது படிக்கும்போது லீவில் வந்திருந்தீர்கள். மணப்பாறைச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். கறவை மாடு விற்க வந்தவரும் வாங்க வந்தவரும் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார்கள். வாய் மட்டும் மழையைப் பற்றிப் பேசியது. ‘என்னப்பா பண்றாங்க’ என்று கேட்டேன். ‘பேச்சு நடக்குது தாயி, நமக்குத் தெரியாது’ என்றீர்கள்.

உங்கள் முதல் கடிதத்தில் ஐயப்பன் உங்களை அண்ணே என்று கூப்பிட்டார். இந்தக் கடிதத்தில் மாமா என்று கூப்பிடுகிறார். அண்ணே என்றால் எனக்கு அவர் சித்தப்பா முறை. மாமா என்றால் என்ன முறை அப்பா? எழுதும்போது நீங்கள் கவனிக்கவில்லை போல.

துண்டுக்குள் விரலை வைத்து என்னிடம் பேசாதீர்கள். அந்த போட்டோ யாருக்கு?

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

சங்கீதா


ராஸ் லஃபான்
16 அக்டோபர்

சங்கீதாவுக்கு,

நான் ஒருவனே படித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று.

நேரில் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். இந்தப் பேச்செல்லாம் போனில் எனக்கு வராது என்று உனக்கே தெரியும். உன் அம்மா இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

இங்கே ப்ராஜெக்ட் முடிகிறது. டிசம்பரோடு கலாஸ். எங்கள் எல்லோரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். ஐயப்பனுக்கு ஜுபைலில் வேலை கிடைத்துவிட்டது, ஜனவரியில் சவுதி போகிறான். நான் இனி வேறு எங்கேயும் வர மாட்டேன். முப்பது மீட்டர் சாரம் ஏறி இறங்கின முழங்கால் இனி தாங்காது. ஊருக்குப் போனால் வீடு இருக்கிறது, நீ இல்லை. நீ எவர் வீட்டிலோ எவர் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறாய். அதை வாசிக்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

நல்ல பையன். பதினாறு மாதமாக ஒரே ரூமில் பார்க்கிறேன். உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு அவனாகவே பெண் கேட்டான். அவன் குணத்துக்கு நான் பொறுப்பு. ஜனவரிக்கு முன் பூ வைத்துவிட்டால் அவனும் நிம்மதியாக ஜுபைல் போவான்.

கட்டாயம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை வா. ஒரு தடவை பார். ஒரு டீ குடிக்கலாம். அப்பா சொன்னால் நீ மறுக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும்.

போட்டோ அனுப்பாவிட்டால் பரவாயில்லை.

அப்பா


டொலேடோ
17 அக்டோபர், வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், டாக்ஸி வந்துவிடும். ஹர்ஷினிக்கு நேற்றிலிருந்து ஜலதோஷம், ராத்திரி காய்ச்சலும் இருந்தது. அதனால் டிக்கெட்டை மாற்றிவிட்டார்கள். மாட்ரிட்டிலிருந்து நேராகத் துபாய். தோஹாவில் நிற்காது. அக்கா முடிவு பண்ணிவிட்டார், நான் என்ன செய்வது.

காலையில் எழுந்து ஏர்போர்ட்டுக்குப் போய்விடாதீர்கள்.

சங்கீதா


ராஸ் லஃபான்
19 அக்டோபர்

ஆத்தா சங்கீதாவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலமே பார்த்தேன். ஐயப்பன், ‘மாமா, படுத்துத் தூங்குங்க’ என்றான். ஆனாலும் சனிக்கிழமை போனோம். லீவு எழுதி வாங்கியாயிற்று, காரும் தயாராக நின்றது. சாகிர் பாயிடம் போய் மகள் வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏர்போர்ட்டில் வெளியே வரும் கதவுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். மாட்ரிட் விமானம் இறங்கியது என்று போர்டில் போட்டார்கள். யார் யாரோ வந்தார்கள். கதவு திறந்து திறந்து மூடியது. பிறகு திரும்பிவிட்டோம்.

எனக்கு அந்த நளினி அம்மா மேல்தான் ஆத்திரம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஏர்போர்ட்டில் டாக்டர் இல்லையா? மூன்று வருடம் கழித்து ஒரு தகப்பன் வந்து நிற்கிறான் என்று ஒரு நிமிடம் யோசித்தாளா? பெரிய இடத்து ஆட்கள், நம்மைக் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரம் நாய் மாதிரி உழைக்கிற பெண்ணுக்கு ஒன்பது மணி நேரம் கொடுக்க மனம் வரவில்லை. நீ வாயில்லாப் பூச்சி, அதனால்தான் இப்படிச் செய்கிறார்கள். அவள் நம்பர் கொடு. ஐயப்பனை விட்டுக் கேட்கச் சொல்கிறேன், அவன் நன்றாகப் பேசுவான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?

அப்பா


துபாய்
21 அக்டோபர், செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று பள்ளிக்குப் போயிருக்கிறாள். துணி இரண்டு மெஷின் போட்டு முடித்தேன். பெட்டிகளைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றினேன். இன்னும் கால் வலிக்கிறது. மூன்று நாளாக இதை எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

அக்காவைத் திட்டாதீர்கள். அக்கா மாற்றவில்லை.

ஹர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது நிஜம். நேராகப் போகிற விமானத்தில் இடம் இருக்கிறது என்று சார் போனில் பார்த்தார். அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார். ‘அவங்கப்பா காத்திருப்பாருங்க, பிள்ளைக்கு மருந்து குடுத்தாச்சு, பழைய பிளைட்லயே போவோம்’ என்றார். பிறகு என்னிடம் வந்து கேட்டார். என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பள்ளியை விடும்போது கேட்கவில்லை, துபாய்க்கு வரும்போது கேட்கவில்லை. நேராகப் போகலாம் என்று சொன்னது நான்தான். பழியை அக்கா மேல் போட்டுவிட்டேன். நீங்கள் அவரைத் திட்டி எழுதியதைப் படித்த பிறகு, அவர் கொடுத்த காபியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

ஐயப்பன் நல்லவராக இருக்கலாம் அப்பா. நான் இல்லை என்று சொல்லவில்லை. பூ வைத்துவிட்டு ஜனவரியில் ஜுபைல் போவார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவார். நான் அவர் அம்மாவோடு இருப்பேன். வெள்ளிக்கிழமை வந்தால் போன் வரும். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, வெச்சிடவா.

அம்மா அப்படித்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா குளித்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நீங்கள் பேசி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருப்பார். என்னம்மா சொன்னார் அப்பா என்று கேட்டால், ‘ஒண்ணும் சொல்லல’ என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். நிஜமாகவே நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உங்களுக்கும் அங்கே அதே போன்தான்.

இன்னொருவர் வீட்டில் வேலை செய்கிறேன் என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். வேலை கஷ்டம்தான். சில நாள் ஒன்றும் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு யாரும் என்னைப் பார்க்க வர வேண்டாம். நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன். பெரிதாக வேறு எந்தத் திட்டமும் எனக்கு இல்லை.

நீங்கள் டீ குடித்துக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தீர்கள் என்று எழுதினீர்கள். போகாதீர்கள் என்று எழுதினேனே அப்பா.

சங்கீதா


ராஸ் லஃபான்
24 அக்டோபர், வெள்ளி

சங்கீதாவுக்கு,

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

கோபம் வரவில்லை என்றால் பொய். முதல் நாள் நன்றாக வந்தது. பெற்ற தகப்பனை இன்னொருவன் முன்னால் இப்படி உட்கார வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். இரண்டாவது நாள் சாரத்தின் மேலே நிற்கும்போது உன் அம்மா நாகவள்ளி நினைவுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பாள் என்பதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் படுத்துவிடுவேன்.

ஐயப்பனிடம் சொன்னேன். நீ எழுதியதை எல்லாம் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் சொன்னேன். சோற்றைப் போட்டு எனக்கும் எடுத்து வைத்தான். பிறகு, ‘சரிண்ணே’ என்றான்.

டிசம்பரில் நான் ஊருக்குப் போகிறேன். அதில் மாற்றமில்லை. நீ எப்போது வருகிறாயோ அப்போது வா. வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த அம்மாவைத் திட்டியது என் தப்பு, மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதிலிருந்து நீ யாரிடமும் வாயைத் திறந்து ஒன்றை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சோற்றில் கல் கிடந்தால்கூட ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவாய். அந்த அம்மாவிடம் நேராகப் போகலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். எப்படிச் சொன்னாய்? அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், அதை அப்படியே எழுது. வார்த்தை மாறாமல் எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா


துபாய்
25 அக்டோபர், சனி

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டதை எழுதுகிறேன்.

அக்கா கடையில் வாங்கிய அந்தத் தங்கக் கம்பித் தட்டைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் பருப்புப் பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன்.

‘தோஹா வழியாவே போயிடுவோமா, நேரா போயிடலாமா? நீதான் சொல்லணும்’ என்றார்.

‘நேரா போயிடலாம்க்கா.’

‘ஏன்டி, அப்பாவ பாக்க வேணாமா?’

‘பாக்கணும்க்கா. ரொம்ப பாக்கணும்.’

‘அப்புறம் என்ன?’

‘அவர் முகத்தப் பாத்தா எனக்கு வேணாம்னு சொல்ல வராதுக்கா.’

உங்கள் மகள்,
சங்கீதா